இரண்டு அடுக்கு மாதிரி ராக்கெட்: மேல் அடுக்கு பற்றாமல் தரையில் குத்தியது ஏன்?

கேட்டவர்: சோளக்கொல்லை

வணக்கம். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், எந்தப் பக்கம் திரும்பினாலும் மக்காச்சோளமும் சோயாவுமே கண்ணில் படும் ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். நானும் என் பதினோரு வயது மகளும் இரண்டு ஆண்டுகளாக ஒற்றை அடுக்கு மாதிரி ராக்கெட்டுகளைக் கட்டிப் பறக்கவிட்டு வருகிறோம். இதுவரை எட்டு கட்டியிருக்கிறோம். அவற்றில் இரண்டை ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து நின்ற சோளம் விழுங்கிவிட்டது. அதற்குப் பிறகு, அறுவடை முடிந்த நிலத்தில் மட்டும், நிலத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டு பறக்கவிடுவது என்று வைத்துக்கொண்டோம்.

இந்த ஆண்டு முதன்முறையாக இரண்டு அடுக்கு கிட் ஒன்றை வாங்கினோம். இரண்டு அடுக்கிலும் 18 மி.மீ. விட்டமுள்ள வழக்கமான கருமருந்து மோட்டார்தான். மூன்று வார இறுதிகள் செலவிட்டு, பால்சா இறக்கைகளின் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து உருட்டி, ஒவ்வோர் இறக்கையின் அடியிலும் மரப்பசையை இரண்டு முறை விரலால் இழுத்துவிட்டு, மேல் அடுக்குக்கு வெள்ளையும் கீழ் அடுக்குக்கு ஆரஞ்சும் அடித்து முடித்தோம். கிட்டோடு வந்த பட்டியலில் இருந்தபடியே கீழே சி6-0, மேலே சி6-7 என்ற மோட்டார்களைப் பொருத்தினேன். அன்று காற்றும் அதிகமில்லை. வரப்போரத்துப் புல் மெல்ல அசைந்த அளவுதான்.

பொத்தானை அழுத்தியது மகள். ராக்கெட் ஏவுகம்பியை விட்டு நேராகவே கிளம்பியது. சுமார் இரண்டு விநாடி கழித்து, நமத்துப்போன பட்டாசு வெடித்தாற்போல் 'டொப்' என்று ஒரு சத்தம். ஆரஞ்சு நிறக் கீழ் அடுக்கு பிரிந்து, எதிர்பார்த்தபடியே கரணம் அடித்துக்கொண்டு விழுந்தது. மேல் அடுக்கோ புகை எதுவுமின்றி, இருந்த வேகத்தில் இன்னும் சிறிது தூரம் ஏறி, தலை சாய்ந்து, மூக்கைக் கீழே நீட்டிக்கொண்டு வந்து ஈர மண்ணில் நான்கு விரற்கடை ஆழத்துக்குக் குத்தி நின்றது. மூக்குக்குப் பின்னால் அட்டைக் குழாய் ஆர்மோனியத் துருத்திபோல் மடிந்துவிட்டது. உள்ளே பாராசூட் மடித்து வைத்தபடியே இருந்தது.

கிளம்புவதற்கு முன், "கீழே இருப்பதற்கு நாம் பற்றவைக்கும் கம்பி வைக்கிறோம், மேலே இருப்பதற்கு யார் தீ வைப்பார்கள்?" என்று மகள் கேட்டாள். "கீழே இருப்பதே வைத்துவிடும்" என்று நான் பெரிய ஞானிபோல் பதில் சொல்லியிருந்தேன். அது ஏன் வைக்கவில்லை என்று இப்போது அவளுக்கு விளக்க வேண்டியிருக்கிறது, எனக்கே தெரியவில்லை. மேல் மோட்டார் எரியாமல் முழுதாக இருக்கிறது. அதை மறுபடி பயன்படுத்தலாமா என்பதையும், குழாயை மாற்றி மீண்டும் பறக்கவிடுவதற்கு முன் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும் என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாவேன்.

பதில்: பழைய ஏவுகம்பி

குழாய் மடிந்துபோனாலும் எதையும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். நடந்தது என்ன என்பதற்கான சாட்சி உங்கள் மேல் மோட்டாரின் பின்புறத்தில் இருக்கிறது. அதைப் பார்ப்பதற்கு முன், உங்கள் மகளின் கேள்விக்கு வருகிறேன். இந்த விவகாரத்தில் கேட்கவேண்டிய கேள்வியே அதுதான்.

சி6-7 என்ற குறியில் 'சி' என்ற எழுத்து, மோட்டாரின் மொத்தக் கணத்தாக்கு (உந்துவிசையை எரியும் நேரத்தால் பெருக்கிய அளவு) 5 நியூட்டன்-விநாடிக்கு மேல், 10-க்குள் என்பதைச் சொல்கிறது. 6 என்பது சராசரி உந்துவிசை, நியூட்டன் கணக்கில். கடைசியில் உள்ள 7, எரிபொருள் தீர்ந்தபின் பாராசூட்டை வெளியே தள்ளும் மருந்து வெடிப்பதற்கு முன் கழியும் விநாடிகள். சாதாரண மோட்டாரை நெடுக்காக அறுத்துப் பார்த்தால், பின்னால் வாயு பீறிடும் துளையுள்ள களிமண் நாசில், அதன்மேல் இறுக்கி அழுத்திய கருமருந்து, அதன்மேல் புகையை மட்டும் விட்டு மெதுவாக எரியும் தாமத மருந்து, அதற்கும் மேலே வெளித்தள்ளும் மருந்து, கடைசியில் மெல்லிய களிமண் மூடி என்று வரிசையாக இருக்கும். சி6-0 மோட்டாரில் தாமத மருந்தும் இல்லை, வெளித்தள்ளும் மருந்தும் இல்லை, மூடியும் இல்லை. கருமருந்தின் மேல்முகம் திறந்தே இருக்கும். நெருப்பு பின்னாலிருந்து முன்னோக்கி எரிந்துகொண்டே வந்து, கடைசியில் மெல்லிய ஒரு தகடு அளவுக்கு மருந்து மிஞ்சும்போது, உள்ளே இருக்கும் அழுத்தத்தை அந்தத் தகட்டால் தாங்க முடியாது. அது உடைந்து, எரியும் துணுக்குகளும் சூடான வாயுவும் மேல்நோக்கிப் பீறிடும். அந்தத் துணுக்குகளில் சில, மேல் மோட்டாரின் நாசில் துளை வழியாக உள்ளே புகுந்து, அங்குள்ள மருந்தைத் தொட வேண்டும். சில மில்லிமீட்டர் அகலமே உள்ள துளை அது. பார்ப்பவர்களுக்குப் பெரிய வெடிப்புபோல் தெரிந்தாலும், மேல் அடுக்குக்குத் தீ வைப்பது அந்த நாலைந்து பொறிகள்தான்.

இப்போது மோட்டாரை எடுத்து, நாசிலுக்குள் கைவிளக்கு அடித்துப் பாருங்கள். துளைக்குள் ஆழம்வரை கருப்புப் படிந்திருந்தால், பொறி உள்ளே போயும் பற்றவில்லை என்று பொருள். இது மிக அபூர்வம், மருந்தில் ஈரம் ஏறியிருந்தால் ஒழிய நடக்காது. உள்ளே சுத்தமாக இருந்து வெளி விளிம்பில் மட்டும் கரி ஏறியிருந்தால், பொறி வந்து சேர்வதற்குள் இரண்டு அடுக்கும் பிரிந்துவிட்டன. இன்னொன்றும் உண்டு, சொல்வதற்குச் சங்கடமாக இருக்கிறது, நானே செய்திருக்கிறேன் என்பதால் சொல்கிறேன்: பற்றவைக்கும் கம்பியைப் பிடித்து நிறுத்துவதற்கு வரும் சிறிய பிளாஸ்டிக் அடைப்பானைப் பழக்கதோஷத்தில் மேல் மோட்டாரிலும் செருகிவிடுவது. மேல் மோட்டாருக்குக் கம்பியும் கிடையாது, அடைப்பானும் கிடையாது. துளை திறந்தே இருக்க வேண்டும்.

மறுபயன்பாடு பற்றி: கூடாது. தரையில் குத்தி விழுந்த மோட்டாரின் மருந்துக் கட்டியில் வெளியே தெரியாத விரிசல் விழுந்திருக்கலாம். விரிசல் இருந்தால் எரியும் பரப்பு ஒரே நொடியில் பல மடங்கு கூடி, அழுத்தம் ஏறி, உறையே வெடித்துவிடும். ஒரு வாளித் தண்ணீரில் ஊறப்போடுங்கள். அட்டை உறை பிரிந்து மருந்து கரைந்த பிறகு எறிந்துவிடலாம்.

நாசில் எப்படி இருக்கிறது என்பதையும், பொருத்தும்போது இரண்டு மோட்டார்களுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி இருந்தது என்பதையும் எழுதுங்கள். அவற்றைச் செலோடேப்பால் சேர்த்து ஒட்டினீர்களா?

பதில்: சோளக்கொல்லை

மிக்க நன்றி ஐயா. பார்த்துவிட்டேன். அடைப்பான் எதுவும் இல்லை. துளைக்குள் சுத்தமான களிமண் நிறம். நாசிலைச் சுற்றி வெளி விளிம்பில் மட்டும் கண்மை தீட்டியதுபோல் ஒரு கருப்பு வளையம். கீழ் அடுக்கின் மேல் பகுதி உள்ளே பழுப்பாகப் பொசுங்கியிருக்கிறது.

செலோடேப் ஒட்டவில்லை. கையேட்டில் ஒட்டச் சொல்லியிருந்தது. இணைப்பு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறதே, பிறகு டேப் எதற்கு என்று நானே முடிவு செய்துவிட்டேன். இடைவெளியை இப்போது ஒரு பென்சிலை விட்டு அளந்தேன், 12 மி.மீ. இருக்கிறது. அது எப்படி வந்தது என்றும் தெரிந்துவிட்டது. மேல் அடுக்கின் குழாய்க்குள், மோட்டார் முன்னே நகராமல் தடுக்கும் அட்டை வளையத்தை ஒட்டும்போது, பசை பிடிப்பதற்குள் தள்ளிவிட வேண்டும் என்ற அவசரத்தில் குறியைத் தாண்டிப் போய்விட்டது. பின்னுக்கு இழுப்பதற்குள் பசை கவ்விக்கொண்டது. "ஒரு விரல் அகலம்தானே" என்று அப்படியே விட்டுவிட்டேன். அதனால் மேல் மோட்டார் இருக்கவேண்டிய இடத்தைவிட 12 மி.மீ. உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறது.

இவ்வளவு சிறிய இடைவெளியா இதற்குக் காரணம்? ஒரு அடி நீள இடைவெளி விட்டும் மேல் அடுக்கைப் பற்றவைக்கிறார்கள் என்று எங்கோ படித்த நினைவு இருக்கிறது.

பதில்: பழைய ஏவுகம்பி

அந்தச் சிறிய இடைவெளிதான் காரணம். நீங்கள் படித்ததும் சரிதான், இரண்டுக்கும் முரண்பாடு இல்லை.

உங்கள் இணைப்பில் 12 மி.மீ. நீளத்துக்கு அடைபட்ட காற்று இருந்தது; அது வெளியேறுவதற்கு வழி இல்லை. கீழ் மோட்டார் மேல்பக்கம் உடைந்ததும், முதலில் வருவது வாயுவின் அழுத்தம், பின்னால் வருவதுதான் பொறிகள். அந்த அழுத்தம் அடைபட்ட காற்றை நெருக்கி, பிஸ்டனைத் தள்ளுவதுபோல் மேல் அடுக்கைத் தள்ளிவிட்டது. பொறிகள் வந்து சேர்ந்தபோது நாசில் அந்த இடத்தில் இல்லை. நீங்கள் கேட்ட 'டொப்' அதுதான். நீண்ட இடைவெளி விடுகிறவர்கள், இடையில் உள்ள குழாயின் மேல் முனைக்கு அருகில் காகிதம் துளைக்கும் கருவியால் இரண்டு மூன்று துளைகள் போட்டுவிடுவார்கள். முன்னால் உள்ள குளிர்ந்த காற்று துளைகள் வழியாக வெளியேறிவிடும், பின்னால் வரும் பொறிகள் தடையின்றி மேல் நாசிலைச் சென்றடையும். இடைவெளி இருந்தால் துளை வேண்டும். துளை இல்லையென்றால் இடைவெளி இருக்கக் கூடாது. உங்களிடம் இடைவெளி இருந்தது, துளை இல்லை.

உங்கள் கிட் ஒட்டிப் பொருத்தும் வகை என்பதால் அதையே சரியாகச் செய்துவிடுங்கள். வளையத்தைப் பிய்க்க முயன்றால் குழாய் கிழியும். எரிந்து முடிந்த பழைய மோட்டார் உறை ஒன்றிலிருந்து கூர்மையான கத்தியால் 12 மி.மீ. அகலத்துக்கு ஒரு வளையம் அறுத்து, அதை முன்னால் செருகிவிட்டால் மோட்டார் தன் இடத்துக்கு வந்துவிடும். வளையத்தின் நடு திறந்திருப்பதால் பாராசூட்டைத் தள்ளும் வாயுவுக்கும் தடையில்லை. பிறகு இரண்டு மோட்டார்களையும் முனையோடு முனை சேர்த்து, கீழ் மோட்டாரின் திறந்த முகம் மேல் மோட்டாரின் நாசிலைத் தொடும்படி வைத்து, சந்திப்பில் செலோடேப்பை ஒரே ஒரு சுற்று, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் சுற்றுங்கள். அழுத்தம் ஒரு கண்ணிமைப்புக்கு நிற்க வேண்டும், உடனே டேப் விட்டுக்கொடுக்கவும் வேண்டும்; அதற்கு ஒரு சுற்று போதும். பாதுகாப்புக்காக நாலு சுற்றுச் சுற்றுவது நம் ஊர்ப் பழக்கம், இங்கே அதைக் காட்டாதீர்கள்.

டேப் ஒட்டினாலும், ஒவ்வொரு மோட்டாரும் அதனதன் குழாய்க்குள் இறுக்கமாக நிற்க வேண்டும். மோட்டாரின் மேல் மாஸ்கிங் டேப்பைத் தேவையான அளவுக்குச் சுற்றி, கட்டைவிரலால் அழுத்தித் தள்ளினால்தான் உள்ளே போகும் என்ற அளவுக்கு வையுங்கள். கீழ் மோட்டார் தளர்வாக இருந்தால், அழுத்தம் மேல் அடுக்கைப் பற்றவைப்பதற்குப் பதிலாகக் கீழ் மோட்டாரையே பின்னால் கக்கிவிடும். அதே நேரத்தில் அடுக்கோடு அடுக்கு சேரும் இணைப்பு இளகலாக இருக்க வேண்டும். மோட்டார் இல்லாமல் இரண்டையும் பொருத்தி, மேல் அடுக்கைக் கையில் பிடித்து லேசாக உதறினால் கீழ் அடுக்கு வழுக்கிக் கழன்றுவிட வேண்டும். "கச்சிதமாக" என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அங்கேயும் கொஞ்சம் உப்புத்தாள் தேவைப்படும் என்று நினைக்கிறேன். பெயின்ட் ஏறிய இணைப்பு நினைத்ததைவிட இறுகிவிடும்.

பதில்: காற்றுத்திசை

சோளக்கொல்லை அண்ணா, மேல் அடுக்கு பற்றாமல் போனதில் உங்களுக்கு ஒரு குழாய் நஷ்டம். பற்றியிருந்தால் ராக்கெட்டே நஷ்டமாகியிருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். ஏற்கெனவே இரண்டைச் சோளத்துக்குக் கொடுத்தவர் நீங்கள், ஆகையால் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு மோட்டார்களைச் சுமந்து கிளம்பும் ராக்கெட் கனமானது. ஒரு சி6 மோட்டார் ஏறத்தாழ 24 கிராம்; அது கூடுதலாக வாலில் தொங்கும்போது ஈர்ப்பு மையம் பின்னுக்கு இறங்கும். அதை ஈடுகட்டத்தான் கீழ் அடுக்கின் இறக்கைகளைப் பெரிதாக வைத்திருக்கிறார்கள். அவை அழுத்த மையத்தை, அதாவது காற்றின் பக்கவாட்டுத் தள்ளல் முழுவதும் விழுவதாகக் கொள்ளும் புள்ளியை, இன்னும் பின்னுக்குக் கொண்டுபோகும். ஈர்ப்பு மையம் அழுத்த மையத்துக்கு முன்னால் குறைந்தது ஒரு குழாய் விட்டம் அளவுக்காவது இருக்க வேண்டும் என்பது நமக்கெல்லாம் தெரிந்த கணக்கு. ஆனால் பலர் அதை மேல் அடுக்குக்கு மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். இரண்டு மோட்டாரும் ஏற்றி, இரண்டு அடுக்கும் சேர்ந்த நிலையில் ஒரு முறை, மேல் அடுக்கு தனியாக ஒரு முறை என்று இரண்டு தடவை பார்க்க வேண்டும். கிட்டில் சொன்னபடியே கட்டியிருந்தால் சரியாகத்தான் இருக்கும் என்றாலும், குழாயை மாற்றுகிறீர்கள், உள்ளே ஒரு வளையமும் சேர்க்கிறீர்கள், பெயின்ட் வேறு ஏறியிருக்கிறது. 'ஓப்பன்ராக்கெட்' என்ற இலவச மென்பொருளில் அளவுகளையும் உண்மையான எடையையும் போட்டுப் பாருங்கள். அதற்குப் பொறுமை இல்லையென்றால் ஈர்ப்பு மையத்தில் நூலைக் கட்டி, தலைக்கு மேல் பெரிய வட்டமாகச் சுழற்றுங்கள். மூக்கு முன்னால் பார்த்தபடி சுற்றினால் போதும்.

பெரிய இறக்கைக்கு ஒரு விலை உண்டு. பக்கவாட்டுக் காற்றில் ராக்கெட் காற்றுக்காட்டிச் சேவல்போல் காற்று வரும் திசைக்கு மூக்கைத் திருப்பும். ஒற்றை அடுக்கில் இதனால் பெரிய கேடில்லை, கொஞ்சம் தள்ளிப்போய் விழும். இரண்டு அடுக்கில், சாய்ந்த நிலையில்தான் மேல் மோட்டார் பற்றும். அதன் முழு உந்துவிசையும் அந்தச் சாய்வின் வழியே போகும். கீழ் அடுக்கு முடியும்போது மூக்கு 40 டிகிரி சாய்ந்திருந்தால், மேல் அடுக்கு பக்கத்துப் பண்ணைக்கு விருந்தாளியாகப் போய்விடும். அமெரிக்காவின் தேசிய ராக்கெட்டரி சங்கத்தின் பாதுகாப்பு விதி மணிக்கு 20 மைல் காற்று வரை ஏவலாம் என்கிறது. அடுக்கு ராக்கெட்டுக்கு நான் அதில் பாதிகூட ஏற்றுக்கொள்வதில்லை.

ஆகவே முதல் முறைக்கு சி6 இரண்டையும் எடுத்து வைத்துவிட்டு, கீழே பி6-0, மேலே ஏ8-5 போடுங்கள். சிறிய மோட்டார் போட்டால் கிளம்பும் வேகம் குறையுமே என்று தோன்றும். பி6, சி6 இரண்டுமே தொடக்கத்தில் சுமார் 12 முதல் 14 நியூட்டன் வரை ஒரு துள்ளல் துள்ளி, பிறகு 5 நியூட்டன் அளவுக்கு இறங்கி எரிபவை. ஏவுகம்பியை விட்டு வெளியேறும் வேகம் அந்தத் துள்ளலைப் பொறுத்தது. சி6 இரண்டு விநாடி அளவுக்கு எரியும். பி6 ஒரு விநாடிக்குள் முடிந்துவிடும். அப்படியென்றால் பி6-0 போட்டால், ராக்கெட் காற்றுக்குத் தலை சாய்க்க நேரம் கிடைப்பதற்கு முன்பே மேல் அடுக்கு பற்றிவிடும். அதோடு, அது உங்கள் மகளின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் நடக்கும். அடுக்கு ராக்கெட் விடுவதே அந்த இரண்டாவது நெருப்பைப் பார்க்கத்தானே.

மேல் அடுக்குக்குப் பாராசூட்டை எடுத்துவிட்டு நீளமான நாடா ஒன்றைப் போடுங்கள். எடை குறைந்த ராக்கெட் நாடாவில் இறங்கினாலும் உடையாது, காற்றில் ஊர் சுற்றவும் செய்யாது. நாடா பொசுங்காமல் காக்கும் தீப்பற்றாத தாளை வழக்கம்போல் வைக்க மறக்க வேண்டாம்.

பதில்: கோவையிலிருந்து ஒரு வாசகர்

படிக்கப் படிக்க ஆசையாக இருக்கிறது. சோளக்கொல்லை அண்ணன் அடுத்த விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது இப்படி ஒரு கிட்டும் நாலு மோட்டாரும் கொண்டுவர முடியுமா?

பதில்: பழைய ஏவுகம்பி

கிட் கொண்டுவரலாம், அது அட்டையும் பால்சாவும் பிளாஸ்டிக்கும்தான். மோட்டார் கூடவே கூடாது. அமெரிக்க விமான நிலையங்களில் மாதிரி ராக்கெட் மோட்டார்களைக் கைப்பையிலும் அனுமதிப்பதில்லை, சரக்குப் பெட்டியிலும் அனுமதிப்பதில்லை. அங்கே வந்து இறங்கினாலும் கருமருந்து என்பது வெடிபொருள் சட்டத்துக்குள் வரும் பொருள். தீபாவளி வாணத்தைக் கழற்றி வீட்டிலேயே மோட்டார் செய்துகொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அவர் கையில் பத்து விரலும் இருக்கிறதா என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.

பதில்: அடுக்குத்தேர்

இரண்டு விஷயங்கள் யாரும் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள்.

முதலாவது, மோட்டார்களை எங்கே வைத்திருந்தீர்கள் என்பது. கார் நிறுத்தும் கொட்டகையில் வைத்திருந்தால், இல்லினாயின் கோடையும் குளிரும் மாறி மாறித் தாக்கும். அழுத்திய கருமருந்துக் கட்டி சூட்டிலும் குளிரிலும் விரிந்து சுருங்கி, அட்டை உறையிலிருந்து விடுபட்டுவிடும். பிறகு நெருப்பு கட்டியின் பக்கவாட்டிலும் ஓடும், மோட்டார் ஏவுகம்பியிலேயே வெடிக்கும். வெயிலில் நிறுத்திய கார்ப்பெட்டியில் ஒரு மதியம் கிடந்தாலும் ஆபத்துதான். வீட்டுக்குள், துணி அலமாரி மாதிரி சூடு ஏறாத இடத்தில் வையுங்கள்.

இரண்டாவது, இடத்தின் அளவு. பாதுகாப்பு விதியில் உள்ள அட்டவணை ஒவ்வொரு மோட்டாரையும் தனியாகப் பார்ப்பதில்லை, ராக்கெட்டில் ஏற்றிய எல்லா மோட்டார்களின் கணத்தாக்கையும் கூட்டிப் பார்க்கிறது. இரண்டு சி சேர்ந்தால் அது டி வகுப்புக்குப் போய்விடும். அதற்கு நிலத்தின் குறுகிய பக்கம் 500 அடியாவது இருக்க வேண்டும். காற்றுத்திசை சொன்ன பி, ஏ கூட்டணி சி வகுப்புக்குள் அடங்கும், 400 அடி போதும். உங்கள் ஊரில் நிலத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் அறுத்த சோளத்தட்டை காய்ந்து கிடக்கும். ஏவுகம்பியைச் சுற்றி நன்றாகச் சுத்தம் செய்து, பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். டி வரைக்கும் 15 அடி தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. அடுக்கு ராக்கெட்டின் முதல் பறப்புக்கு நான் 30 அடியில்தான் நிற்பேன். பொத்தானை அழுத்தியும் கிளம்பாவிட்டால் ஏவும் கருவியின் பாதுகாப்புச் சாவியை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் கழித்துத்தான் கிட்டே போக வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஒரு கிளைக்கதை. உயரம் மட்டுமே குறிக்கோள் என்றால், இந்த அளவு ராக்கெட்டுக்கு இரண்டு அடுக்கு தேவையே இல்லை. ஒரு பெரிய மோட்டாரை ஒற்றை அடுக்கில் போட்டுக்கொள்ளலாம். எரிந்து முடிந்த பகுதியைக் கழற்றி எறிந்துவிட்டு மிச்சத்தை மட்டும் சுமந்து போவது என்ற யோசனை வாணவேடிக்கைக்காரர்களிடமிருந்து வந்தது. போலந்து-லித்துவேனியப் பீரங்கிப் படைஞர் காசிமியெர்ஸ் செமெனோவிச் 1650-இல் வெளியிட்ட லத்தீன் நூலிலேயே அடுக்கு ராக்கெட்டின் படம் இருக்கிறது. 1949 பிப்ரவரியில் நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸில், ஜெர்மானிய வி-2 ராக்கெட்டின் தலையில் டபிள்யூ.ஏ.சி. கார்ப்பொரல் என்ற சிறிய ராக்கெட்டை வைத்து ஏவியபோது, மேல் அடுக்கு 390 கிலோமீட்டர் உயரத்துக்குப் போனது. வி-2 தனியாக அதில் பாதியைத்தான் எட்டும். கீழே இருப்பது தன் வேலையை முடித்துவிட்டு விலகிக்கொள்வதில்தான் விஷயம் இருக்கிறது. நம் அட்டை ராக்கெட்டில் அது செலோடேப்பில் நடக்கிறது, அவ்வளவுதான்.

இந்த இரண்டு அடுக்கு கைவந்த பிறகு மாதிரி ராக்கெட் தயாரிக்கும் எஸ்டஸ் நிறுவனத்தின் கொமாஞ்சி-3 கிட் பக்கம் போகலாம்; டி12-0, சி6-0, சி6-7 என்று மூன்று அடுக்கு. மெலிந்த ராக்கெட், 2000 அடிக்கு மேல் போகும். திரும்பக் கிடைக்காது என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு ஏவ வேண்டிய ராக்கெட் அது.

பதில்: சோளக்கொல்லை

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

குழாயின் மடிந்த பகுதியை அறுத்துவிட்டு, உள்ளே ஒரு இணைப்புக் குழல் வைத்துப் புதுத் துண்டைச் சேர்த்தேன். பழைய மோட்டார் உறையிலிருந்து 12 மி.மீ. வளையத்தை அறுத்து எடுத்தது மகள். நான் கத்தியைப் பிடிக்கும் முறையை மட்டும் காட்டினேன். இணைப்பில் இருந்த பெயின்டை உப்புத்தாளால் தேய்த்ததும், பழைய ஏவுகம்பி ஐயா சொன்னபடி ஒரு உதறலில் கழன்றது. நூல் கட்டிச் சுழற்றும் சோதனையை வாசலில் செய்தபோது, இரண்டு அடுக்கும் சேர்ந்து மூக்கை முன்னால் நீட்டிக்கொண்டு சுற்றியது. எதிர் வீட்டுக்காரர் நாயை உள்ளே அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

கீழே பி6-0, மேலே ஏ8-5, நடுவில் ஒரே சுற்று செலோடேப். மோட்டார்கள் உண்மையிலேயே கார் கொட்டகையில்தான் இருந்தன. ஆகையால் பழைய பொட்டலத்தைத் தொடாமல் புதிதாக வாங்கினோம். காலை எட்டு மணிக்கு, காற்று எழும்புவதற்கு முன் நிலத்துக்குப் போனோம். முதல் நெருப்பு அடங்கியதற்கும் இரண்டாவது நெருப்பு கிளம்பியதற்கும் நடுவில் இடைவெளி என்று சொல்லும்படி எதுவும் இல்லை. புகைக்கோடு ஒரு இடத்தில் முடிச்சுப் போட்டதுபோல் தடித்து, அங்கிருந்து இன்னொரு கோடு நேராக மேலே போனது. கீழ் அடுக்கு எங்களிடமிருந்து இருபது தப்படியில் விழுந்தது. மேல் அடுக்கு நாடாவை விரித்துக்கொண்டு, பக்கத்து சோயாத் தட்டையில் இறங்கியது.

மகள் முதலில் ஓடியது கீழ் அடுக்கை எடுக்கத்தான். அந்த மோட்டாரின் மேல் விளிம்பில் செலோடேப்பின் பாதி வளையம் உருகி, சுருண்டு, ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிய்த்துத் தன் பென்சில் பெட்டியில் போட்டுக்கொண்டாள். யார் தீ வைத்தது என்று இந்த முறை அவள் எனக்கு விளக்கினாள்.

ஒரு சிறு சந்தேகம் மட்டும் இருக்கிறது. கீழ் அடுக்கின் மேல் முனை உள்பக்கம் இன்னும் கொஞ்சம் கருகியிருக்கிறது. இப்படியே எத்தனை முறை தாங்கும்?

பதில்: பழைய ஏவுகம்பி

ஒவ்வொரு பறப்புக்குப் பிறகும் கரியை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, கருகிய இடத்தில் மரப்பசையை மெலிதாக ஒரு பூச்சுப் பூசி ஓர் இரவு காயவிடுங்கள். அட்டை அடுக்குப் பிரிந்து நார் நாராகத் தெரிய ஆரம்பித்தால், அந்த அடுக்கை மட்டும் புதிதாகக் கட்டிக்கொள்ளுங்கள். இறக்கைகளை எடுத்து மறுபடி பயன்படுத்தலாம் என்று பார்க்காதீர்கள். பிய்த்தெடுத்த பால்சா நேராக ஒட்டாது.